நகுமோவும் ஊவாத் தோட்டங்களும்

1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று காலை, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆந் திகதி திருகோணமலை தாக்கப்பட்டது. இவ்விரு தாக்குதல்களையும் நடத்திய கடற்படைக்குத் தலைமை தாங்கியவர் வைஸ் அட்மிரல் சூயிச்சி நகுமோ. போர்ச் சரித்திரங்கள் அவர் மூழ்கடித்த கப்பல்களை எண்ணுகின்றன. கடலைக் காணாத பதுளை மலைச்சரிவுகளில் கொழுந்து பறித்தவர்களுக்கு அவரது பணியால் நேர்ந்தது என்ன என்ற கேள்வியை அவை எழுப்புவதில்லை.

நகுமோ 1887இல் யப்பானின் யொனெசாவா நகரிற் பிறந்தார். 1908இல் கடற்படைக் கல்லூரியிலிருந்து வெளியேறி, டொர்பீடோப் போர்முறையில் வல்லவரெனப் பெயர் பெற்றார். 1930ஆம் ஆண்டின் இலண்டன் ஒப்பந்தம் யப்பானின் போர்க்கப்பல்களுக்கு வரம்பு விதித்தபோது, அதனை எதிர்த்த அதிகாரிகளின் பக்கம் நின்றார். ஆசிய நாடுகளை விழுங்கத் துடித்த ஏகாதிபத்தியத்துக்கு இத்தகையோரே தேவைப்பட்டனர். விமானப் போரில் அனுபவமற்றவராயினும், பதவி மூப்பின் காரணமாக 1941 ஏப்பிரலில் விமானந்தாங்கிக் கப்பற்படையின் தலைமை அவருக்குக் கிடைத்தது. அவ்வாண்டு டிசெம்பரிற் பேர்ள் துறைமுகமும், அடுத்த பெப்புருவரியில் டார்வினும் அவரது படையால் தாக்கப்பட்டன.

இலங்கையை அவர் தாக்கியது ஏன்? 1942 மார்ச்சில் இரங்கூன் யப்பானியர் வசமாயிற்று. பர்மாவுக்குச் செல்லும் கடல்வழியைக் காக்க, பிரித்தானியரின் கீழைக் கடற்படையை முறியடிக்க வேண்டியிருந்தது. இரு குரூசர்களும், மட்டக்களப்புக்கு அப்பால் ‘ஹேர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கின. ஆனால் மாலைதீவின் அட்டுத் தீவில் மறைந்திருந்த பிரதான படை நகுமோவின் கண்ணிற் படவில்லை.

இலங்கை மக்கள் உண்ட அரிசியிற் பெரும்பங்கு பர்மாவிலிருந்து வந்தது. பர்மா வீழ்ந்ததும் அது நின்றது. பங்கீடு வந்தது; அரிசி குறைந்த இடத்தைக் கோதுமை மா நிரப்பியது. போரின் சுமை இவ்வாறே ஊவாவின் லயங்களுக்குள் புகுந்தது. அதே வேளையில், தொழிலாளர் பறித்த தேயிலையைப் பிரித்தானிய அரசு தன் மக்களுக்காக மொத்தமாகக் கொள்முதல் செய்துகொண்டிருந்தது.

இத் தொழிலாளர் வாய்மூடிக் கிடந்தவரல்லர். 1940இல் வேலைநிறுத்த அலை ஊவாவைத் தொட்டது. மே 12ஆந் திகதி, தடையை மீறி, பதுளையிற் கலாநிதி என். எம். பெரேரா பேசினார். வெவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தாமே தெரிந்தெடுத்த சபையொன்றை அமைத்தனர். அதனைக் கலந்தே கருமமாற்றத் துரை இணங்கினார். ஒழுங்கை நிலைநாட்டச் சென்ற ஆயுதப் பொலிசாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்தனர். பின்னர் அடக்குமுறை வென்றது. ஊவாவை ஒரு வாரத்துக்கு மேல் துண்டித்த வெள்ளமும் அதற்குத் துணையாயிற்று. யூனிற் சமசமாசத் தலைவர்கள் சிறைப்பட்டனர். 1942 ஏப்பிரலிலேதான் அவர்கள் கண்டிச் சிறையிலிருந்து தப்பினர்.

அப்படியாயின், வெள்ளையனை விரட்ட வந்த யப்பானியன் நண்பனா? ஆசியாவின் விடுதலை என்று அவன் முழங்கியது உண்மையே. ஆனால் மலாயாத் தோட்டங்களிலிருந்த நம் உறவினர் கண்ட விடுதலை யாது? சீயம்–பர்மா இரயில்பாதை வேலைக்கு அவர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். 1943 ஒக்டோபரில் அது நிறைவேறுமுன் பல்லாயிரம் ஆசியத் தொழிலாளர் பசியாலும் கொள்ளைநோயாலும் அடியாலும் மாண்டனர். அவர்களுள் தமிழர் பெருந்தொகையினர். நகுமோவின் கப்பல்கள் காத்துநின்ற பர்மாப் போரின் விளைவு இதுவே. அக்கப்பல்கள் இலங்கைக் கரையை வென்றிருப்பின், பதுளைத் தொழிலாளிக்கு எசமான் மாறியிருப்பானேயன்றி விலங்கு மாறியிராது.

1942 யூனில், மிட்வே போரில் நகுமோ நான்கு விமானந்தாங்கிகளை இழந்தார். 1944 யூலையிற் சைப்பன் தீவு வீழும் தறுவாயில் தற்கொலை செய்துகொண்டார். இறந்த பின்னரும் அட்மிரல் பதவி உயர்வு அவருக்கு வந்து சேர்ந்தது. போர்க்காலம் முழுவதும் கொழுந்து பறித்த ஊவாத் தொழிலாளருக்கு வந்து சேர்ந்ததோ, பெரும்பான்மையோரை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம்.

மாணவர்க்குச் சரித்திரம் போதிப்போர் நகுமோவின் பெயரைக் கூறட்டும். அதனோடு வெவெஸ்ஸ தோட்டத்துச் சபையையும் கூறவேண்டும். தம்மை ஆள்வது யார் என்பதைத் தாமே தீர்மானிக்க இம்மலைகளின் மக்கள் முயன்றது அங்கேதான்.