கைவிடப்பட்ட பொதிகளும் டெபியன் களஞ்சியமும்: நீக்கும் முறை வளர்ந்த வரலாறு

தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் முதல் ஆண்டுகளில், அந்தக் கணினிகளில் விண்டோசுடன் 'பாஸ்' லினக்சும் இருந்தது. பாஸ், சென்னை சி-டாக் நிறுவனம் டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலை அடித்தளமாகக் கொண்டு உருவாக்கியது. ஆகவே டெபியன் தன் களஞ்சியத்திலிருந்து ஒரு மென்பொருளை எடுத்துவிட்டால், சில ஆண்டுகளில் அதன் விளைவு பாஸுக்கும் வந்து சேரும். எடுப்பது என்ற முடிவு எப்படி எட்டப்படுகிறது?

1993-இல் இயன் முர்டாக் தொடங்கிய டெபியனில் ஒவ்வொரு பொதிக்கும் (நிறுவத்தக்க மென்பொருள் தொகுப்புக்கும்) ஒரு பராமரிப்பாளர் பொறுப்பு. அவர் விலகினால் பொதி ஆதரவற்றதாக அறிவிக்கப்படும். தரக்குழு அதைத் தற்காலிகமாகப் பார்த்துக்கொள்ளும். ஆதரவற்றது என்பதாலேயே எதுவும் நீக்கப்படுவதில்லை. இது சரியான நிலைப்பாடு: பத்தாண்டுகளாக ஒரு வரிகூட மாறாத நிரல் இன்றும் பிழையின்றி ஓடலாம்.

சிக்கல், பழுதாகியும் கவனிக்க ஆளில்லாத பொதிகளில்தான். 2000 டிசம்பரில், அடுத்த வெளியீடு உருவாகும் 'சோதனை'க் கிளை வந்தபின், கடுமையான வழுவுள்ள பொதிகள் அதற்குள் நுழைவது தடுக்கப்பட்டது. ஏற்கெனவே உள்ளே இருந்தவற்றை வெளியீட்டுக் குழுவே கையால் களைய வேண்டியிருந்தது. 2013-இல் தானியங்கி நீக்கம் நடைமுறைக்கு வந்தது. கடுமையான வழு தீராமல் கிடந்தால், முக்கியப் பொதி அல்லாதது முன்னறிவிப்புக்குப் பின் சோதனைக் கிளையிலிருந்து விலக்கப்படும். வழு தீர்ந்தால் திரும்பலாம். களஞ்சியத்திலிருந்தே முழுதாக எடுக்கத் தனிக் கோரிக்கை வேண்டும்.

இவ்வரலாற்றின் பெரிய சோதனை பைத்தான் 2. பைத்தான் 3 வெளிவந்தது 2008-இல். பைத்தான் 2-க்கான ஆதரவு முடிந்தது 2020 ஜனவரி 1-இல். 2021-இல் வந்த டெபியன் 11-இலும் பைத்தான் 2 இருந்தது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இல்தான் இல்லாமற்போனது. தமிழுக்கு இந்த நீக்கம் நன்மையே. யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் எழுதிய 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால், பைத்தான் 2-இன் சாதாரணச் சரம் 15 என்று பைட்டுகளை எண்ணிச் சொல்லும். பைத்தான் 3, 5 என்று யுனிகோடு குறிகளை எண்ணும். நம் கணக்கில் எழுத்து மூன்றுதான். அந்த எண்ணிக்கையைப் பெற ஓப்பன்-தமிழ் போன்ற நூலகம் வேண்டும்.

ஒரு பொதியை நீக்கப் பயன்பாட்டு எண்ணிக்கையைச் சான்றாக்குவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. டெபியனின் பயன்பாட்டுக் கணிப்பு, விரும்பிச் சேர்ந்த கணினிகளை மட்டுமே எண்ணுகிறது. இணையமில்லாத பள்ளி ஆய்வகம் அதில் வராது. தமிழ் எழுத்துருவுக்கோ உள்ளீட்டுக் கருவிக்கோ எண்ணிக்கை குறைவு என்பதால் தேவை குறைவு என்று முடிவு கட்டக் கூடாது. பாதுகாப்பு ஓட்டை உண்டா, மாற்று உண்டா என்பவையே முதலில் கேட்க வேண்டியவை.

2018-இல் ஏற்கப்பட்ட மீட்பு முறை, பொதிகளை நீக்காமல் காக்கும் திசையில் நல்ல அடி. கவனிப்பாரற்ற பொதியை ஏற்க விரும்புபவர் அறிவித்துவிட்டு 21 நாள் காத்திருக்க வேண்டும். மறுப்பு வராவிட்டால் பொறுப்பேற்கலாம்.

2023 ஜனவரியில் விழுப்புரத்தில் டெபியன் குறுமாநாடு நடந்தது. அத்தகைய முயற்சிக்குத் திருச்சி அருகே சமயபுரத்திலும் பொறியியல் கல்லூரி இருக்கிறது. திருச்சியில் இன்னும் பல. அங்குள்ள மாணவர்கள் தங்கள் டெபியனில் டெவ்ஸ்கிரிப்ட்ஸ் பொதியை நிறுவி, அதிலுள்ள 'டபிள்யூஎன்பிபி-அலெர்ட்' கட்டளையை இயக்கட்டும். தங்கள் கணினியிலேயே ஆதரவற்றுக் கிடக்கும் பொதிகளின் பட்டியல் வரும். அதில் ஒன்றையாவது ஏற்றுக்கொள்ளட்டும்.