பால் மங்கும் பழைய நிழற்படமும்

சிங்கப்பூரின் ஜாலான் பஹார் வட்டாரத்தில், லோரோங் தாவாஸ் என்னும் ஒதுக்கமான சாலையில், 1940ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற தாவ் குவாங் சூளை இன்றும் நிற்கின்றது. சரிவான நிலத்தில் நீண்டு படுத்திருக்கும் அதன் வடிவம் கருதி அதனை 'டிராகன் சூளை' என்பர். வாயிலில் மூட்டிய விறகுத்தீ உடல் வழியே மேலேறி, வால்முனையில் புகையாக வெளியேறும். இத்தகைய சூளைகளுள் இந்நாட்டில் எஞ்சியவை இரண்டே. மற்றொன்று 1958இல் எழுந்த குவான் ஹுவாட்.

தென்சீனக் குயவரின் இச்சூளைக்கும் தமிழருக்கும் என்ன தொடர்பு என நாம் வினவலாம். விடை ஒரு சிறு கிண்ணத்தில் இருக்கின்றது. இரப்பர் மரத்தில் கீறிய கோட்டின் அடியில் கட்டப்பெறும் அக்கிண்ணத்தைத் தோட்டத் தமிழர் 'மங்கு' என்றனர். கிண்ணம் எனப் பொருள்படும் 'மங்குக்' என்னும் மலாய்ச் சொல்லின் சுருக்கம் அது. 1877இல் 22 இரப்பர் நாற்றுகள் சிங்கப்பூர் வந்தன. பின்னர்த் தாவரவியல் தோட்டத்தில் ரிட்லி, மரத்தைக் கொல்லாது பால் எடுக்கும் வெட்டுமுறையை வகுத்தார். தோட்டங்கள் பெருகவே மங்குகளின் தேவையும் பெருகியது. இங்குள்ள டிராகன் சூளைகள் அவற்றைச் சுட்டு வழங்கின. சீனர் வனைந்த மண்ணை, மலாய்ச் சொல்லால் அழைத்து, தமிழ்ப் பெண்கள் விடியற்காலையில் துடைத்து வைத்தனர். இதனைவிடத் தெளிவான மலாயா வரலாற்றுச் சான்றை எந்தக் கண்ணாடிப் பேழையில் தேடுவது?

நிழற்படத்தின் கதை வேறு. 1867இல் சிங்கப்பூரில் தொழில் தொடங்கிய ஜி. ஆர். லாம்பர்ட் நிறுவனம், காட்சிப் படங்களோடு இந்நாட்டு மக்களின் 'வகை'ப் படங்களையும் விற்றது. அவற்றில் தமிழர் 'கிளிங்' என்னும் இனப்பெயரோடு நிற்கின்றனர். ஆளின் பெயர் இல்லை. வாங்கியவருக்கு அப்பெயர் தேவைப்படவும் இல்லை. இதற்கு மாறாக, பிற்காலத்தில் நம் குடும்பத்தினர் படப்பிடிப்புக் கூடங்களுக்குத் தாமே சென்று, நல்லாடை உடுத்தி, நாற்காலியில் கைவைத்து நின்றனர். ஊருக்கு அனுப்பிய படத்தின் பின்புறத்தில் பெயரும் உறவும் எழுதினர். எழுத்தறியாதோர் பிறரைக் கொண்டு எழுதுவித்தனர். முந்தையதில் பிறர் நம்மைக் காட்டினர். பிந்தையதில் நம்மை நாமே காட்டிக்கொண்டோம்.

ஆயினும் அப்படங்களில் மங்கைக் காண்பது அரிது. தோட்டத்தை மறைத்தே நம் முன்னோர் படத்திற்கு நின்றனர். அதில் நமக்குக் குறை காண உரிமையில்லை. உழைப்பின் அடையாளத்தை அவர்கள் வீட்டுச் சுவரில் மாட்ட விரும்பவில்லை.

தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடங்கொடுத்தபோது மங்குகள் மண்ணிலேயே புதைந்தன. குடும்பங்கள் இடம்பெயர்ந்தபோது படங்களும் குறைந்தன. 2015இல் திறக்கப்பெற்ற சிங்கப்பூர் இந்திய மரபுடைமை நிலையம் போன்றவை நம் பழம்பொருள்களைப் பேணிவருகின்றன. ஆனால் நகையையும் பட்டையும் கொடுக்க முன்வருவோர், விளிம்பு உடைந்த மங்கைக் கொடுக்கத் தயங்குவர். மாணவர்கள் தத்தம் பாட்டியரிடம் முதலில் கேட்க வேண்டியது அதைப்பற்றியே. படத்தின் பின்புறத்தில் எழுதியிருப்பதையும் அப்போதே படித்துக் குறித்துக்கொள்ளலாம், மை மங்கிவருகின்றது.