மண்வெட்டியோடு வந்தவர்

ஏழை நாடுகளுக்கு வரும் வெளிநாட்டுத் தன்னார்வலர்களைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் ஒரு வினாவும் உடன் எழும். உழைக்கும் கைகளுக்குப் பஞ்சமில்லாத ஊரில் அயல்நாட்டார் வந்து மண் சுமப்பதால் யாருக்கு என்ன பயன்? அண்மையில் என் வகுப்பில் ஒரு மாணவியும் இதையே கேட்டார். விடை தேடி நான் 1934ஆம் ஆண்டின் பீகாருக்குச் செல்ல வேண்டியதாயிற்று.

பியர் செரெசோல் (1879–1945) சுவிட்சர்லாந்துப் பொறியாளர். அவர் தந்தை 1873இல் அந்நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்தவர். மகனோ இராணுவ வரி செலுத்த மறுத்துச் சிறை சென்றார். முதல் உலகப் போர் முடிந்தபின், 1920இல், பிரான்சின் வெர்தன் அருகே போரில் அழிந்த எஸ்ன் என்னும் கிராமத்தில் ஒரு சிறு குழுவோடு வேலையைத் தொடங்கினார். நேற்றுவரை பகைவராயிருந்த ஜெர்மானியரும் அதில் இருந்தனர். குண்டுக் குழிகளைத் தூர்த்தார்கள். மர வீடுகளை எழுப்பினார்கள். எதிர்ப்பினால் சில மாதங்களிலேயே பணி நின்றது. ஆயினும் ‘செர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல்’ என்ற இயக்கம் அங்கேதான் வேர்கொண்டது. 1928இல் வெள்ளத்தால் சீரழிந்த லீக்டென்ஸ்டைனில் மண் அள்ள 700க்கும் மேற்பட்டோர் திரண்டனர்.

1934 ஜனவரி 15 அன்று நிகழ்ந்த நிலநடுக்கம் பீகாரிலும் நேபாளத்திலும் 10,000க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. நிலம் பிளந்து பீறிட்ட மணல் வயல்களை மூடியது. ராஜேந்திர பிரசாத் தலைமையில் நிவாரணக் குழு அமைந்தது. அதன் நிதி ஆலோசகராகக் கணக்கைக் காத்தவர் தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா. அவ்வாண்டே செரெசோலும் வந்து சேர்ந்தார். 1937 வரை அவரும் விரல்விட்டு எண்ணத்தக்க தோழர்களும், முசாபர்பூர்ப் பகுதியில் வெள்ளம் எட்டாத மேட்டு நிலத்தில் கிராமங்களைப் புதிதாக அமைக்கும் பணியில் ஈடுபட்டனர்.

நான்கைந்து ஐரோப்பியர் சுமந்த மண்ணைக் கணக்கிட்டால் அது அற்பமே. ஆனால் மண்வெட்டி பிடிப்பவன் எச்சாதியான் என்று பார்க்கும் நாட்டில், அதிலும் வெள்ளைத் தோல் என்றாலே அதிகாரம் என்றிருந்த காலத்தில், ஒரு குடியரசுத் தலைவரின் மகன் உழவரோடு நின்று மண் வெட்டினார். அவர் கொண்டுவந்தது உழைப்பை அல்ல. உழைப்புக்கு உரிய மதிப்பை.

இதற்கோர் எல்லையும் உண்டு. மேட்டில் வீடு எழுந்தாலும் நிலம் ஜமீன்தார்களிடமே இருந்தது. 1950இல் பீகார் நிலச்சீர்திருத்தச் சட்டம் வந்த பிறகே அந்த முறை சட்டப்படி முடிவை நோக்கி நகர்ந்தது. வறுமையின் வேர் மண்வெட்டிக்கு எட்டாத ஆழத்தில் இருந்தது. அதைத் தோண்ட அம்மண்ணின் மக்களும் அவர்தம் அரசியலும் வேண்டியிருந்தன.

பின்னர் 1961இல் அமெரிக்காவின் அமைதிப் படையும், 1970இல் ஐக்கிய நாடுகளின் தன்னார்வலர் திட்டமும் தோன்றின. ஆயிரக்கணக்கானோர் நாடுவிட்டு நாடு சென்றனர். அவர்களை அளக்க எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றுதான்: வந்தவர் ஊராருக்குக் கற்பிக்க நின்றாரா, ஊராரோடு குனிந்தாரா? மாணவியிடம் நான் சொன்ன விடையும் இதுவே.