நடவாத போட்டியின் தீர்ப்பு



வெவ்வேறு காலத்தில் வாழ்ந்த இரு வீரர் எதிர்நின்று பொருதிருந்தால் வென்றிருப்பவர் யார் என்னும் வினா எல்லா விளையாட்டுக்களிலும் எழுவதுண்டு. ஆயினும் குத்துச்சண்டை உலகிலே அது தனி வேகத்தோடு எழுகின்றது. ஓட்டத்திற்குக் கடிகாரம் உண்டு. பாய்ச்சலுக்கு அளவுநாடா உண்டு. குத்துச்சண்டையிலோ ஒருவனுடைய வன்மைக்கு அளவுகோல் எதிரே நிற்கும் மற்றொருவனே. எதிரி மாறினால் அளவும் மாறிவிடுகின்றது. வரலாறு கற்பிப்போராகிய நாங்கள் "நடந்திருந்தால்" என்னும் சொல்லை வகுப்பறைக்குள் எளிதில் விடுவதில்லை. அச்சொல்லையே ஓர் இயந்திரத்திடம் கொடுத்துத் தீர்ப்புக் கேட்ட கதை ஒன்று உண்டு. அதுவும் வானொலியிலே தொடங்கிய கதை.

1967ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மயாமி நகரைச் சேர்ந்த வானொலித் தயாரிப்பாளரான மறி வொறோனர், அதிகூடிய எடைப் பிரிவின் வெற்றிவீரர் பதினாறு பேரைத் தெரிந்தெடுத்தார். அவர்களுள் பலர் அப்பொழுது உயிரோடில்லை. ஒவ்வொருவருடைய வேகம், குத்தின் வலிமை, தாங்கும் ஆற்றல் ஆகியன பற்றிக் குத்துச்சண்டை அறிந்தோரின் மதிப்பீடுகள் திரட்டப்பட்டு ஒரு கணிப்பொறிக்கு ஊட்டப்பட்டன. அது தந்த முடிவுகள் உண்மைப் போட்டிகளைப் போலவே நேர்முக வருணனையாக ஒலிபரப்பாயின. முடிவில் ஜக் டெம்சியை வென்று ரொக்கி மார்சியானோ முதலிடம் பெற்றார்.

முகம்மது அலியோ ஜேம்ஸ் ஜெப்ரிசிடம் தோற்றதாகத் தீர்ப்பாயிற்று. அது எந்த வேளையில் வந்த தீர்ப்பு என்பதை நோக்குதல் வேண்டும். அவ்வாண்டு ஏப்ரில் 28ஆந் திகதி, வியட்னாம் போருக்கான படைச்சேவையை ஏற்க அலி மறுத்திருந்தார். பட்டம் பறிபோயிற்று, களமேறும் உரிமையும் போயிற்று, ஐந்து ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பெற்று, மேன்முறையீட்டினால் வெளியே இருந்தார். ஜெப்ரிசோ, தாம் பட்டம் வகித்த காலத்தில் கறுப்பின வீரருக்கு அப்பட்டத்திற்குப் போட்டியிட இடங்கொடாதவர். தோல்வி காணாதவராக 1905இல் ஓய்வுபெற்ற அவர், கறுப்பினத்தின் முதல் வெற்றிவீரரான ஜக் ஜோன்சனை அடக்கவென்று மீண்டும் அழைத்துவரப்பட்டார். 1910 ஜூலை 4ஆந் திகதி ரீனோ நகரில், தம் முப்பத்தைந்தாம் வயதில், பதினைந்தாம் சுற்றில் வீழ்ந்தார். அத்தகையவரிடம் தாம் தோற்றதாக வானொலியில் அறிவிக்கக் கேட்ட அலி சினந்ததில் வியப்பில்லை. பத்து இலட்சம் டொலர் கேட்டு மானநட்ட வழக்குத் தொடுத்தார்.

வழக்கு இணக்கத்தில் முடிந்தது. அதன் வழியே ஒரு படமும் பிறந்தது. 1969இல் மயாமியில் அலியும் மார்சியானோவும் ஒளிப்படக் கருவியின் முன் குத்துச்சண்டையிட்டனர். ஒருவருக்கு 27 வயது, மற்றவருக்கு 45. நாற்பத்தொன்பது போட்டிகளில் ஒன்றிலேனும் தோலாது 1956இல் ஓய்வுபெற்றிருந்த மார்சியானோ, இதற்காக ஏறத்தாழ 50 இறாத்தல் எடையைக் குறைத்தார், பொய்முடியும் அணிந்தார்! முடிவை மட்டும் பலவிதமாகப் படமெடுத்தனர். எது காட்டப்படும் என்பதை நடித்தவர்களும் அறியார். மார்சியானோ அதனை அறியாமலே போயினார். 1969 ஆகஸ்ட் 31ஆந் திகதி, தமது நாற்பத்தாறாவது பிறந்தநாளுக்கு முந்திய நாள், ஐயோவா மாநிலத்தில் விமான விபத்தில் இறந்தார்.

1970 ஜனவரி 20ஆந் திகதி படம் திரையிடப்பட்டது. அமெரிக்கர் கண்டது பதின்மூன்றாம் சுற்றில் மார்சியானோ அலியை வீழ்த்தும் காட்சி. ஐரோப்பாவிலே காட்டப்பட்ட மற்றொரு பிரதியில், காயங்களின் காரணமாக மார்சியானோ நிறுத்தப்பட, அலி வென்றார். கணிப்பொறி ஒன்றுதான், கடல் கடந்ததும் தீர்ப்பு மாறியது. இயந்திரத்தின் மீது குற்றஞ்சாட்டுவது முறையன்று. மனிதரின் அபிப்பிராயங்களை இலக்கங்களாக வாங்கி இலக்கங்களாகத் திருப்பித் தந்ததே அது செய்த வேலை.

இன்னொரு தடையும் உண்டு. எந்தக் காலத்து விதிப்படி இவர்களைப் பொருதச் செய்வது? 1919இல் டெம்சி, வீழ்ந்த வில்லார்ட் எழும்பும்போதே மீண்டும் தாக்குவதற்கு அருகிலேயே நின்றார். முதற்சுற்றில் மட்டும் ஏழுமுறை வீழ்த்தினார். 1927இல் சிக்காகோவில் ஜீன் டனியை வீழ்த்தியபோதோ, நடுநிலை மூலைக்குச் சென்ற பின்னரே எண்ணுதல் தொடங்கும் என்ற விதி இருந்தது. டெம்சி தயங்கி நின்றார். அந்த வினாடிகளுக்குள் டனி தெளிந்து எழுந்து, புள்ளிகளால் வென்றார். டெம்சியின் கைவலிமையை அளந்தோர் இந்தப் பழக்கத்தை எவ்விதம் அளந்தனரோ! சல்லிவன் 1889இல் கையுறையின்றி 75 சுற்றுக்கள் பொருது வென்றவர். கையுறையணிந்த 1892ஆம் ஆண்டுப் போட்டியில் 21ஆம் சுற்றில் கோர்பெற்றிடம் தோற்றார். மார்சியானோவின் எடையோ ஏறத்தாழ 185 இறாத்தல். இன்றைய பிரிவுமுறையில் 200 இறாத்தலுக்குட்பட்டோருக்கு வேறொரு வகுப்பே உண்டு.

அலியைப் பொறுத்தவரை, நடவாத போட்டி என்பது வெறுங் கற்பனையன்று என்பது என் எண்ணம். 1967 மார்ச்சு முதல் 1970 ஒக்டோபர் வரை, தம் இருபத்தைந்தாம் வயதிலிருந்து இருபத்தெட்டாம் வயது வரை, அவர் ஒருமுறையேனும் முறையான போட்டியில் இறங்க முடியவில்லை. 1970 ஒக்டோபர் 26ஆந் திகதி அற்லாண்டாவில் ஜெரி குவாரியை வென்று திரும்பியபோது கால்களின் பழைய விரைவு குறைந்திருந்ததைப் பார்த்தோர் கண்டனர். 1971 மார்ச்சு 8ஆந் திகதி ஜோ பிரேசியரிடம் முதல் தோல்வி கண்டார். அதற்கு மூன்றரை மாதங்களின் பின், ஜூன் 28ஆந் திகதி, அமெரிக்க உயர்நீதிமன்றம் அவருக்கு எதிரான தண்டனையைத் தள்ளுபடி செய்தது.