வில்லியின் நியாயம்: ஐரோப்பிய தேவதைக் கதைகளில் அழிந்ததும் மீண்டதும்

தேவதைக் கதைகளை வில்லியின் பக்கம் நின்று திரும்பச் சொல்வது கடந்த ஐம்பது ஆண்டுகளில் மேற்கில் தனியொரு வகைமையாக வளர்ந்துவிட்டது. பழைய கதையில் நல்லவர் நல்லவராகவும் கெட்டவர் கெட்டவராகவும் மட்டுமே இருந்தார்கள், கெட்டவருக்கும் ஒரு மனம் உண்டு என்று நவீன எழுத்தாளர்கள்தாம் கண்டுகொண்டார்கள் என்பதே இதுபற்றி வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. பதிப்புகளை ஆண்டு வரிசையில் வைத்துப் படித்தால் இந்த வரலாறு நிற்பதில்லை. மிகப் பழைய அச்சு வடிவங்களிலேயே வில்லிக்குக் காரணம் இருந்தது. ஓரிடத்தில் நியாயமே அவள் பக்கம் இருந்தது. கதையைக் கை மாற்றி வாங்கியவர்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் மறுபுனைவுகள் செய்தது பெரும்பாலும் மீட்பு வேலை. அந்த மீட்பும் அண்மைக் காலத்தில் பழைய பதிப்பாசிரியர்களின் வழக்கத்துக்கே திரும்பிவிட்டது என்பதுதான் இங்கே நான் நிறுவ விரும்புவது.

தூங்கும் அழகியின் கதையிலிருந்து தொடங்கலாம். நேப்பிள்ஸைச் சேர்ந்த ஜாம்பத்திஸ்தா பஸீலே எழுதி, அவர் இறந்த பிறகு 1634 முதல் 1636 வரை வெளியான தொகுப்பில் இது தாலியாவின் கதையாக வருகிறது. அதில் சாபமிடும் தேவதை கிடையாது. சணல் சிம்பு குத்தி மயங்கிக் கிடக்கும் தாலியாவை ஏற்கெனவே மணமான ஓர் அரசன் காண்கிறான்; அவள் விழிக்காதபோதே அவளைக் கூடிவிட்டுப் போகிறான்; அவளுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறக்கின்றன. இதை அறிந்த அரசனின் மனைவிதான் கதையின் வில்லி. குழந்தைகளைச் சமைத்துக் கணவனுக்குப் பரிமாறச் சொல்கிறாள். தாலியாவை நெருப்பில் தள்ள ஆணையிடுகிறாள். கடைசியில் அந்த நெருப்பில் அவளே தள்ளப்படுகிறாள். அவள் செய்ய முயன்றது கொடுமை என்பதில் ஐயமில்லை. ஆனால் வஞ்சிக்கப்பட்டவளும் அவள்தான். பஸீலேயின் வாசகருக்கு அவளுடைய கோபத்தின் ஊற்று தெரிந்தே இருந்தது. 1697இல் ஷார்ல் பெரோ பாரிஸில் இதே கதையை எழுதியபோது அரசனுக்கு முதல் மனைவி இருப்பது அரசவைக்கு உகந்ததாகப் படவில்லை போலும். இளவரசன் மணமாகாதவன் ஆனான். மனைவியின் இடத்தில் மனிதரைத் தின்னும் அரக்க குலத்து மாமியார் வந்தாள். குற்றம் அப்படியே இருக்க, காரணம் போய்விட்டது. பிறவியிலேயே அரக்கியான ஒருத்திக்குக் காரணம் எதற்கு?

பெரோ ஒரு பக்கம் எடுத்ததை இன்னொரு பக்கம் கொடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். சாபமிடும் முதிய தேவதை அவர் கதையில்தான் வருகிறாள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கோபுரத்தை விட்டு வெளியே வராததால் அவள் இறந்திருப்பாள் என்று எண்ணி அரசன் அழைக்காமல் விடுகிறான். அழையாமல் வந்து அமர்ந்தவளுக்கு உணவு உண்டு, மற்ற தேவதைகளுக்கு வைத்த தங்கப் பேழை இல்லை. ஏழு பேழைதான் செய்யப்பட்டிருந்தன. முதுமையால் மறக்கப்பட்டு, பந்தியில் தாழ்த்தப்பட்டவளின் சினம் இது. 1812இல் கிரிம் சகோதரர்களின் முதல் பதிப்பில் தேவதைகள் பதின்மூன்று, தங்கத் தட்டுகள் பன்னிரண்டு. முதுமையும் கோபுரமும் மறைந்து கணக்கு மட்டும் மிஞ்சியது. மாமியாரின் கதை அதே பதிப்பில் தனியொரு துண்டாக ஒதுங்கிப் பின்பு தொகுப்பிலிருந்தே விலக்கப்பட்டது. 1959இல் டிஸ்னியின் படத்தில் சாபமிடும் தேவதைக்கு மலெஃபிசென்ட் என்ற பெயரும் கொம்பும் கிடைத்தன. தட்டும் பேழையும் இல்லாமல் போயின. பெயர் வந்த நேரத்தில் மனம் பறிபோயிற்று.

மூன்று தனித்தனி மரபுகளை நான் ஒரே நேர்கோட்டில் இழுக்கிறேன் என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம். வாய்மொழிக் கதை நூல் பிடித்தாற்போல் நகர்வதில்லை என்பது சரியே. ஆனால் இங்கே பேசுவது அச்சுப் பிரதிகளைப் பற்றி. அவற்றை உருவாக்கியவர்கள் முன்னோரை அறிந்தே இருந்தார்கள். பஸீலேயின் நூல் 1846இல் ஜெர்மனில் வந்தபோது முன்னுரை எழுதியவர் யாக்கோப் கிரிம். தவிர, ஸ்நோ ஒயிட் கதையில் மரபுக் குழப்பத்துக்கே இடமில்லை, ஏனெனில் மாற்றம் ஒரே நூலின் இரண்டு பதிப்புகளுக்கு நடுவே நிகழ்கிறது. 1812இல் மகளைக் கொல்லச் சொல்லும் அரசி பெற்ற தாய். 1819இல் அவள் மாற்றாந்தாய். ஹான்சல், கிரெட்டல் கதையின் தாய்க்கும் 1840இன் பதிப்பில் இதே கதி. நூல் குழந்தைகள் கைக்குப் போகத் தொடங்கியிருந்தது; தாய்மையின் புனிதத்தைக் காக்க ஒரு பலியாள் வேண்டியிருந்தது. மகளின் அழகைப் பார்த்துத் தன் இளமை போவதை உணரும் தாய் என்ற கூசவைக்கும் உண்மை, அந்நியப் பெண்ணின் பொறாமையாகச் சுருங்கியது. தண்டனையோ குறையவில்லை: மகளின் திருமணத்தில் பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பை அணிந்து சாகும்வரை அவள் ஆட வேண்டும்.

1970களின் எழுத்தாளர்கள் கை வைத்தது இந்த அழிக்கப்பட்ட இடத்தில்தான். ஆன் செக்ஸ்டன் 1971இல் வெளியிட்ட கவிதைத் தொகுப்பில் நடுவயதுச் சூனியக்காரியாகத் தன்னையே நிறுத்திக்கொண்டு கிரிம் கதைகளைச் சொன்னார். 1979இல் சாண்ட்ரா கில்பர்ட்டும் சூசன் கூபரும் ஸ்நோ ஒயிட்டின் கண்ணாடிக்குள்ளிருந்து பேசுவது கதையில் காணாமல் போன அரசனின் குரல் என்று வாதிட்டார்கள். இரண்டு பெண்களை மோதவிட்ட ஆண் எங்கே என்ற இந்தக் கேள்வி பஸீலேயின் கதையில் கேட்கவே வேண்டாத ஒன்று. அங்கே அவன் கண்முன் நின்றான். அதன்பின் வந்தவற்றில் நீல் கெய்மன் 1994இல் எழுதிய சிறுகதையை முதலிடத்தில் வைப்பேன். சிறுமியே இரத்தக் காட்டேரி, அவளைத் தடுக்க முயன்றவள் தான் என்கிறாள் அரசி. அவள் சொல்வதை நாம் நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். ஆனால் சிறுமியின் இதயத்தை அறுத்தெடுக்கச் சொன்னதை அவள் மறைப்பதில்லை. ஜான் ஷெஸ்காவின் 1989ஆம் ஆண்டுச் சிறுவர் நூலில் ஓநாய் சிறையிலிருந்து பேசுகிறது. சளிப்பிடித்துத் தும்மியதால் வீடுகள் சரிந்தன, செத்துக் கிடந்த பன்றிகளை வீணாக்க மனம் வரவில்லை என்கிறது. ஏழு வயதுக் குழந்தைக்கும் இந்த வாக்குமூலத்தின் ஓட்டை புரியும். நூலின் சிறப்பும் அதுவே.

திசை மாறுவதை ஒரே படைப்பின் இரண்டு வடிவங்களில் காணலாம். கிரெகரி மக்வயர் 1995இல் எழுதிய ‘விக்கெட்’ நாவலில் ஓஸ் நாட்டின் மேற்கத்திய சூனியக்காரி கொடுங்கோலனை எதிர்க்கிறாள், கொலைக்கும் துணிகிறாள், தன்னிடம் வளரும் சிறுவனைச் சீராட்டத் தெரியாதவளாகவும் இருக்கிறாள், தண்ணீர் பட்டுச் சாகிறாள். 2003இன் இசை நாடகத்தில் அவள் சாவது போல் நடித்துவிட்டுக் காதலனோடு தப்பிவிடுகிறாள். 2014இல் வந்த ‘மலெஃபிசென்ட்’ திரைப்படமோ இன்னும் துணிந்தது: அவளுடைய சிறகுகளை வெட்டியவன் தூங்கும் அழகியின் தந்தை ஸ்டீஃபன், சாபத்தைப் போக்கும் முத்தமும் மலெஃபிசென்டினுடையதே. வில்லி இல்லாமல் போய்விட்டாளே தவிர வில்லன் இடம் காலியாகவில்லை. 1819இல் தாயைக் காப்பாற்ற மாற்றாந்தாயைப் பலியிட்டார்கள். 2014இல் தேவதையைக் காப்பாற்றத் தந்தையைப் பலியிட்டார்கள்.

இராவணனை நாயகனாக்கிய நம் மரபும் இதையே செய்ததல்லவா என்று தமிழ் வாசகர் கேட்கக்கூடும். மைக்கேல் மதுசூதன் தத்தரின் வங்கக் காவியம் 1861இலேயே இராவணன் பக்கத்துத் துயரத்தைப் பாடியது. புலவர் குழந்தையின் இராவண காவியம் 1946இல் வந்தது. 1948இல் தடை செய்யப்பட்டது. தடை நீங்க 1971 ஆயிற்று. ஆனால் புலவர் குழந்தை இராவணனை ஓர் இனத்தின் மூதாதையாக உரிமை கொண்டாடினார். அங்கே பழி மாறுவது அரசியல் வாதத்தின் நேரடி நோக்கம். மாற்றாந்தாய்க்கு அப்படி உரிமை கோரும் குலம் எதுவுமில்லை. ஆகவே அவள் கதையில் பழியை இடம் மாற்றுவதால் எந்த வழக்கும் தீர்வதில்லை.

குழந்தைக்குக் கலப்பில்லாத தீமை தேவை, நல்ல தாயையும் கோபக்காரத் தாயையும் பிரித்துப் பார்க்க மாற்றாந்தாய் உதவுகிறாள் என்று 1976இல் புரூனோ பெட்டல்ஹைம் வாதிட்டது இதைவிடக் கனமான ஆட்சேபம். அது உண்மையானால் வில்லியின் நியாயத்தைப் பேசுவதே குழந்தைக்குத் தீங்கு. ஆனால் அவர் குழந்தை மனத்தின் தேவையாகக் காணும் அந்தப் பிளவு, ஸ்நோ ஒயிட்டில் 1819இல் ஒரு பதிப்பாசிரியர் மேசையில் நிகழ்ந்தது. அதற்கு முந்தைய கதையில் தாயும் கொடியவளும் ஒருத்தியே. பெற்றவளே கொடியவளாக வருவதைக் கதை கேட்டவர்கள் தாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

வில்லியின் செயலை அவளிடமே விட்டுவைத்துக் காரணத்தை மட்டும் திருப்பிக் கொடுக்கும் மறுபுனைவே பழைய கதைக்கு நேர்மையானது. அந்த அளவில் பார்த்தால், 75 கோடி டாலருக்கு மேல் வசூலித்த ‘மலெஃபிசென்ட்’டைவிட பஸீலேயின் பெயரில்லாத அரசி முழுமையான பாத்திரம்.