கைமாற்றுக் கடனும் மூன்றாண்டுக் கெடுவும்

"மகள் கல்யாணத்துக்கென்று வாங்கினார், ஹஜ்ரத். நாலு வருஷமாச்சு. ஜமாஅத்தில் பேசிப் பார்த்தோம், தருகிறேன் என்கிறார், தரவில்லை. இனி கேஸ் போடலாமா?"

இப்படிக் கேட்டு நம்மிடம் வரும் சகோதரர்கள் பலர். பெரும்பாலும் கையில் ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது. காலமும் கடந்திருக்கும்.

கடன், வாடகை, பாகப்பிரிவினை, ஒப்பந்தம் போன்ற தகராறுகளைத் தீர்ப்பது உரிமையியல் சட்டம், அதாவது சிவில் சட்டம். யாரையும் தண்டிப்பது அதன் நோக்கமல்ல. உரியவருக்கு உரியதைப் பெற்றுத் தருவதே நோக்கம். ஆகவே, மோசடி இல்லாத வெறும் கடன் பாக்கிக்குக் காவல் நிலையம் செல்வதில் பயனில்லை. வசூலித்துத் தருவது போலீசாரின் வேலையல்ல.

நீதிமன்றம் செல்லக் கெடு உண்டு. 1963 ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, தவணை நாள் குறிக்காத கைமாற்றுக் கடனுக்கு, பணம் கொடுத்த நாளிலிருந்து 3 ஆண்டுகள். கேட்டவுடன் தருவதாக எழுதிய புரோ நோட்டுக்கு, அதில் உள்ள தேதியிலிருந்து 3 ஆண்டுகள். அவர் 'தரமாட்டேன்' என்று சொன்ன நாளிலிருந்து அல்ல.

இங்கேதான் நம் குடும்பங்கள் ஏமாறுகின்றன. மஹல்லா ஜமாஅத்தில் பேசித் தீர்ப்பது நல்ல வழி. ஆனால் பேச்சுவார்த்தை நடப்பதால் இந்தக் கெடு நிற்பதில்லை. எனவே 3 ஆண்டு முடிவதற்குள், 'இவ்வளவு பாக்கி உள்ளது' என்று கடன்பட்டவரிடம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். அந்த நாளிலிருந்து புதிதாக 3 ஆண்டுகள் கிடைக்கும். சிறு தொகையைத் திருப்பித் தந்தாலும், அதை அவரே கைப்பட எழுதியோ கையெழுத்திட்டோ தந்தால் இதே பலன் உண்டு.

எதிரில் இருப்பது கடையோ கம்பெனியோ என்றால் வேறு வழி உண்டு. சொந்த உபயோகத்துக்கு வாங்கிய பொருளிலோ சேவையிலோ குறை இருந்தால், 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. பில்லைப் பத்திரப்படுத்துவது மட்டும் நம் பொறுப்பு.

சமாதானமாகப் போக விரும்புவோருக்கு லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றம் இருக்கிறது. இரு தரப்பும் இணங்கி அங்கு முடிவானது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம். அதன் மீது அப்பீல் இல்லை. ஏற்கனவே கோர்ட்டில் உள்ள வழக்கு இப்படி முடிந்தால், கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவசமாக வக்கீல் கிடைப்பார்.

"சொந்தக்காரரிடம் எழுதி வாங்குவதா?" என்று கூச்சப்படுகிறோம். கடனை எழுதிக்கொள்ளவும் சாட்சி வைக்கவும் அல்பகரா அத்தியாயத்தின் 282 ஆவது வசனம் ஏவுகிறது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமே அதுதான். எழுதுவது சந்தேகத்தால் அல்ல, உறவு முறியாமல் இருக்கவே.

கடன் வாங்கியவர்களுக்கும் ஒரு வார்த்தை. 3 ஆண்டு கடந்தால் வழக்குப் போடும் வழிதான் அடைபடுகிறது, கடன் தீர்ந்துவிடுவதில்லை. ஜனாஸா தொழுகைக்கு முன் மையித்துக்குக் கடன் உண்டா என்று நபி (ஸல்) அவர்கள் விசாரித்ததை நாம் அறிவோம்.

இன்றே வீட்டிலுள்ள நோட்டு, ரசீதுகளை எடுத்துத் தேதியைப் பாருங்கள். கெடு நெருங்கியிருந்தால் தாமதிக்காமல் ஒரு வக்கீலைக் கலந்துகொள்ளுங்கள்.