காற்று மிகுந்த கலவை

தாமலில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் என் தந்தையாரின் பழைய கார் ஒன்று நிற்கிறது. கார்புரேட்டர் காலத்து வண்டி. 2025-இல் அதற்கு ஒரு நோய் கண்டது. நின்ற நிலையில் ஓடும்போது நடுங்கியது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஒரு கணம் தயங்கி, கார்புரேட்டர் வழியாகவே 'பட்'டென்று தும்மியது. பெங்களூர் நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்கையில், லாரிகள் பாய்ந்து வரும் வேளையில், அந்த ஒரு கணத் தயக்கம் எத்தகைய ஆபத்து என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். பட்டறையில் இருமுறை பிளக்குகளை மாற்றியும் பயனில்லை.

மெக்கானிக்குகள் இதை 'லீன்' என்பார்கள். பெட்ரோலுக்குக் காற்று மிகுந்துவிட்டது என்பது பொருள்.

எவ்வளவு காற்று இருந்தால் சரி? பெட்ரோலில் உள்ள கார்பனும் ஹைட்ரஜனும் மிச்சமின்றி எரிய, 1 கிராம் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். தொடக்கக் காலக் கார்களில் இந்த அளவைக் காப்பதற்கு வழியே இல்லை. பெட்ரோலின் மேற்பரப்பில் காற்றைச் செலுத்தி, எழும் ஆவியை எஞ்சினுக்கு அனுப்பினார்கள். வெயிலுக்கு ஒரு கலவை, குளிருக்கு ஒரு கலவை, பள்ளத்தில் குலுங்கினால் வேறொரு கலவை! 1893-இல் புடாபெஸ்டில் பாங்கி, சோங்கா என்ற இருவரும், ஜெர்மனியில் மைபாக்கும், பெட்ரோலை நுண்துளை வழியே பீய்ச்சும் கார்புரேட்டரை அமைத்தனர். குறுகலான குழாயில் காற்று விரையும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு பெட்ரோலை மேலே இழுக்கிறது. பெர்னூலி 1738-லும், வென்ச்சூரி 1797-லும் எழுதிய பாடந்தான் இது. நம் வகுப்பறையில் கரும்பலகையோடு நின்றுவிடும் இப்பாடம், சாலையில் ஒரு நூற்றாண்டுக் காலம் கார்களை ஓட்டியிருக்கிறது.

சென்னையில் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்கள் உருவாயின. அம்பாசடரும் ஃபியட்டும் ஊரெங்கும் ஓடின. அவற்றைப் பழுது பார்த்தவர்களுக்கு அளவுகருவி ஏது? காதும் கண்ணுந்தான் கருவி. பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார்கள். கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. காப்பித்தூள் நிறமானால் சரி. சுண்ணாம்பாய் வெளுத்திருந்தால் காற்று மிகுதி. (2000-இல் நாடு முழுவதும் ஈயம் நீங்கிய பெட்ரோல் வந்த பின் இந்த நிறங்கள் மங்கலாகிவிட்டன; பழைய கண்களுக்கு அது ஓர் இழப்பே.)

லீன் கலவை ஏன் தும்முகிறது? அதில் தீ மெதுவாகப் பரவுகிறது. எரிந்து முடியுமுன்பே அடுத்த சுற்றுக்காக உள்வால்வு திறந்துகொண்டால், உள்ளே மிஞ்சிய தழல் புதிய கலவையைப் பற்றவைத்து, வந்த வழியே பின்னோக்கி வெடிக்கிறது. தாமதமாக எழும் வெப்பம் வெளிவால்வையும் சுடுகிறது. நாளடைவில் வால்வு கருகும். ஆகவே இது பொறுத்துக்கொள்ளத்தக்க நோயன்று.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. எஞ்சின் சூடாகி ஓடும்போது சோக்கைச் சிறிதே இழுங்கள். சோக், காற்றை மறித்துப் பெட்ரோலின் பங்கைக் கூட்டுவது. நடுக்கம் தணிந்தால் நோய் லீன்தான்; பிளக்கைக் குறை சொல்ல வேண்டா. எங்கள் வண்டியில் நடுக்கம் உடனே தணிந்தது. அடுத்து, கார்புரேட்டரும் மேனிஃபோல்டும் சேரும் மூட்டில் சோப்புத் தண்ணீரைத் தடவினேன். சிலர் இதற்குப் பெட்ரோலையே தெளிப்பதுண்டு. சூடான எஞ்சின்மேல் அதைச் செய்யாதீர்கள். ஓரிடத்தில் நீர் உள்ளே இழுபட்டு, எஞ்சினின் ஒலி மாறிற்று. கேஸ்கெட் வெடித்து, கள்ளக்காற்று புகுந்திருக்கிறது! புது கேஸ்கெட் போட்டதும் நடுக்கம் போயிற்று.

ஆனால் சாலையில் ஏறியதும் தயக்கம் மட்டும் அப்படியே இருந்தது. ஜெட்டைக் கழற்றிக் காற்றடித்துப் பார்த்தேன்; அடைப்பில்லை. கம்பி விட்டுக் குத்தவில்லை. குத்தினால் துளையின் அளவே கெட்டுவிடும்.

இந்த இடத்தில் இன்றைய கார்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1976-இல் வால்வோ கார்களில் பாஷ் நிறுவனத்தின் ஆக்சிஜன் உணரி முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. சிர்க்கோனியா என்னும் பீங்கான் வகை, சூடேறினால் ஆக்சிஜன் அயனிகளைத் தன்னூடே கடத்தும். நெர்ன்ஸ்ட் 1890-களில் தம் விளக்குக்குப் பயன்படுத்திய அதே பொருள். ஒருபுறம் வெளிக்காற்று, மறுபுறம் புகை. புகையில் ஆக்சிஜன் மிஞ்சியிருந்தால் 0.1 வோல்ட்டளவும், மிஞ்சாவிடில் 0.9 வோல்ட்டளவும் காட்டும். புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கி மாற்றி 14.7-ஐ ஒட்டிய கலவையில்தான் செவ்வனே வேலை செய்யும். அதனால்தான் இந்தக் கண்காணிப்பு. இந்தியாவில் 1995-இல் நான்கு பெருநகரங்களில் புதிய கார்களுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமாயிற்று. 2000-ஐ ஒட்டிக் கார்புரேட்டர் புதிய கார்களிலிருந்து விடைபெற்றது. இன்றைய காரில் கலவை லீனாகி, கணினியாலும் சரிக்கட்ட இயலாமற்போனால், விளக்கெரிந்து 'பி0171' என்ற குறியீடு பதிவாகும்.

எங்கள் வண்டிக்கு அத்தகைய மூக்கு கிடையாது. அது மாறவில்லை, பெட்ரோல்தான் மாறிவிட்டது. 2023 முதல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பங்குகளுக்கு வரத்தொடங்கி, 2025-இல் நாடெங்கும் பரவிற்று. எத்தனால் மூலக்கூறு தன்னுள்ளேயே ஆக்சிஜனை வைத்திருப்பதால், 1 கிராமுக்கு 9 கிராம் காற்றே போதும். கலந்த பெட்ரோலுக்குக் கணக்கிட்டால் 13.5 வருகிறது. 14.7-ஐ 13.5-ஆல் வகுத்துப் பாருங்கள்: பழைய ஜெட் வழியே ஏறத்தாழ 9 சதவீதம் காற்று மிகுதி! உணரியுள்ள கார், பெட்ரோலை அதற்கேற்பக் கூட்டிக்கொள்கிறது. கார்புரேட்டருக்கு நாம்தான் கூட்டித்தர வேண்டும்.

எங்கள் ஜெட்டில் 120 என்று பொறித்திருந்தது. துளையின் விட்டம் 1.20 மில்லிமீட்டர் என்பது அதன் பொருள். பாய்வு துளையின் பரப்பைப் பொறுத்தது, பரப்போ விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 125-ஐ 120-ஆல் வகுத்து வர்க்கம் கண்டால் 1.085. தேவைப்பட்டது அதுவே. 125 எண் ஜெட்டை வாங்கிப் பொருத்தி, தந்தையாரை அருகில் அமர்த்தி, ஏரிக்கரைப் பக்கம் ஓட்டிப் பார்த்தேன். தும்மல் இல்லை. வீடு திரும்பி, ஓடும் எஞ்சினில் மறுபடியும் சோக்கை இழுத்தேன். இம்முறை எஞ்சின் திணறி நின்றது.